நம்ம கடற்கரைச் சிலையை யார் செய்தது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதாவது ஓர் ஊரில் இறங்கிக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே 'அழகுபடுத்தும் பணி' நடந்து முடிந்திருந்தால், பேவர் பிளாக் நடைபாதை இருக்கும், ஸ்டீல் கைப்பிடி இருக்கும், ஊர் பெயருக்கு முன்னால் சிவப்பு இதயம் போட்ட எழுத்துப் பலகை இருக்கும். அப்புறம் பெரும்பாலும் ஒரு நீல டால்ஃபின். வாலில் நின்றபடி பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும்.

டால்ஃபின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நம் கடலில் வாழ்கிற உயிர்தான். மீனவர்கள் ஓங்கில் என்பார்கள். ஆனால் அந்தச் சிலையைச் செய்தவர் ஓங்கிலைப் பார்த்திருப்பார் என்று நான் நம்பத் தயாராக இல்லை. ஒரு தீம் பார்க் அச்சில் வார்த்த ஃபைபர் பொம்மை அது. ஒரே அச்சில் வார்த்ததுதான் கடற்கரையிலும் நிற்கிறது, கல்யாண மண்டப வாசல் நீரூற்றிலும் நிற்கிறது. இரண்டு மழைக்காலம் போனதும் வால் பக்கம் விரிசல் விட்டு, உள்ளே கண்ணாடி இழை நார் நாராகத் தெரியும். அந்த ஓட்டைக்குள் சிப்ஸ் பாக்கெட்டும் டீ கப்பும் அடைந்து கிடக்கும். சிரிப்பு மட்டும் மாறாது.

இதைவிட மோசமான ஒன்றைச் சமீபத்தில் பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம். கடலாமை முட்டையிட வரும் கரை அது. 'ஆமைகளைக் காப்போம்' என்று பலகை வைத்து, பக்கத்திலேயே சிமெண்டில் ஓர் ஆமை செய்து வைத்திருக்கிறார்கள். நல்ல நோக்கம்தான். பச்சை பெயிண்ட். நான்கு தடித்த கால்கள், காலுக்கு ஐந்து விரல். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "ஆமை எப்படி இருக்குண்ணே?" என்று கேட்டேன். தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "அது கிணத்தாமை தம்பி. கடல்ல விட்டா முழுகிச் செத்துடும்" என்றார்.

அவர் சொன்னது சரி. நம் கரைக்கு வருவது பங்குனி ஆமை. அதற்குக் கால் கிடையாது, துடுப்புதான். துடுப்பின் ஓரத்தில் சிறு நகம் ஒன்றோ இரண்டோ இருக்கும், அவ்வளவுதான். குளத்து ஆமை மாதிரி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளவும் அதற்கு முடியாது. நாற்பது கிலோவை ஒட்டிய உடம்பை இழுத்துக்கொண்டு இரவில் கரையேறி, பின் துடுப்பால் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மண்ணை மூடி, உடம்பாலேயே தட்டிச் சமன் செய்துவிட்டுத் திரும்பும். 1988 முதல் மாணவர்கள் சென்னைக் கடற்கரையில் இரவெல்லாம் நடந்து இந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். 2025 ஜனவரியில் செத்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியபோது எல்லாருமே படம் பார்த்தோம். இத்தனைக்கும் பிறகு, ஆமைக்குச் சிலை வைக்கும்போது அதற்கு விரல் வைக்கிறோம்.

இதில் எனக்கு எரிச்சல் வரக் காரணம், இது நடப்பது மாமல்லபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் என்பதுதான்.

மாமல்லபுரம் என்றால் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், செல்ஃபி என்று முடித்துக்கொள்கிறோம். அர்ச்சுனன் தபசு என்கிற பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் ஒரு அரைமணி நேரம் சும்மா நின்று பாருங்கள். அது அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் நூறு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கட்டும். நீங்கள் விலங்குகளை மட்டும் பாருங்கள். பெரிய யானையின் காலடியில் குட்டிகள் நிற்பதைப் பாருங்கள். யானைக் குட்டிகள் நிஜமாகவே அப்படித்தான் தாயின் வயிற்றுக்குக் கீழே ஒதுங்கி நிற்கும். ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. புராணத்தில் அந்த மானுக்கு ஒரு வேலையும் இல்லை. செதுக்கியவர் எங்கேயோ பார்த்திருக்கிறார், பிடித்துப்போய்க் கல்லில் வைத்துவிட்டார். யானைத் தந்தத்தின் பக்கம் ஒரு பூனை பின்னங்காலில் எழுந்து, கைகளை மேலே தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். அந்தப் பக்கம் மெலிந்த உடம்போடு ஒற்றைக்காலில் நிற்கிற தவசியை அப்படியே கிண்டல் அடிப்பது போல இருக்கும். அரசன் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன வேலையில் இவ்வளவு குறும்பு செய்ய ஒரு தைரியம் வேண்டும்.

கொஞ்சம் தள்ளி கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்கிறார், பசு திரும்பிக் கன்றை நக்குகிறது. மாடு வளர்த்த வீட்டுக்காரர்கள் அந்தக் கழுத்தின் வளைவைப் பார்த்தால் ஒன்றும் பேசமாட்டார்கள். தனிக்கல்லில் ஒரு குரங்குக் குடும்பம் உண்டு. ஆண் குரங்கு பெண் குரங்குக்குப் பேன் பார்க்கிறது, குட்டி பால் குடிக்கிறது. கிட்டத்தட்ட நிஜ அளவு. அதில் சாமி இல்லை, அரசன் இல்லை, கருத்து இல்லை. குரங்கு மட்டும்தான்.

இந்த ஊரில் இன்றைக்கும் உளிச்சத்தம் நிற்கவில்லை. 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே முதல்வராக இருந்த கணபதி ஸ்தபதிதான் கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவரை எழுப்பியவர். சாலையோரம் பட்டறை பட்டறையாகக் கல் வேலை நடக்கிறது. 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளவு கைகள் பக்கத்தில் இருக்க, நாம் போய் ஃபைபர் டால்ஃபின் வாங்குகிறோம்.

பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "கேட்டா செய்ய மாட்டோமா? யார் கேக்கறாங்க?" என்றார் முதலில். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார், அது மனதில் தங்கிவிட்டது. "சாமிக்கு அளவு இருக்கு தம்பி. முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவுன்னு தாலக் கணக்கு இருக்கு. கண்ண மூடிக்கிட்டுக் கோடு போட்ருவேன். ஆமைக்கு யாரு அளவு எழுதி வச்சிருக்கா? போய்ப் பாத்துத்தான் செய்யணும். பாக்கறதுக்கு எனக்கு ஒரு வாரம் யாரு கூலி குடுப்பா?"

விஷயமே இதுதான். போய்ப் பார்ப்பதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. எஸ்டிமேட்டில் மண் வேலை, கான்கிரீட், மின்விளக்கு என்று வரிசையாக வந்து, கடைசியில் 'அலங்காரச் சிலை - 1' என்று ஒரு வரி வரும். நடைபாதை போடுகிற ஒப்பந்ததாரரே சிலையையும் இறக்குவார். சிற்பி என்று ஒருவர் அந்தக் காகிதத்தில் எங்கேயும் இருக்கமாட்டார். இல்லாத ஆள் எப்படிப் போய் ஆமையைப் பார்ப்பார்?

திறப்பு விழாக் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். அமைச்சர், எம்.பி., எம்.எல்.ஏ., ஆட்சியர், தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள், செயற்பொறியாளர் என்று கருப்பு கிரானைட்டில் தங்க எழுத்து மின்னும். சிலையைச் செய்தவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. கல்வெட்டை வெட்டியவர் பெயர்கூட இருக்காது.

பல்லவர் காலத்தில் இதைவிட நன்றாக நடந்திருக்கிறது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலேயே பூஞ்சேரியில் ஒரு பாறை இருக்கிறது. நொண்டி வீரப்பன் தொட்டி என்பார்கள். டிக்கெட் கிடையாது, கூட்டம் கிடையாது. அந்தப் பாறையில் பழைய எழுத்தில் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று போகிறது. இங்கே வேலை செய்த கலைஞர்களின் பெயர்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் கொல்லன்தான். கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கிவிடும். அடிக்கடி உலையில் வைத்துத் தட்டித் தீட்டிக்கொடுக்க ஆள் இல்லாவிட்டால் வேலையே நடக்காது. அந்த ஆளுக்கும் பாறையில் இடம் கிடைத்திருக்கிறது.

பெயர் போட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். தன் பெயர் கீழே இருக்கப்போகிறது என்று தெரிந்தால் எந்தச் சிற்பியும் ஆமைக்கு விரல் வைக்கமாட்டார். சொந்த ஊர்க்காரர்கள் கேலி செய்வார்களே.

'கல்லு காஸ்ட்லி' என்று ஒரு பதில் தயாராக இருக்கும். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கடலோரத்தில் சிமெண்ட் சிலை மலிவு என்பது முதல் வருடக் கணக்கு. உப்புக் காற்று சிமெண்டுக்குள் இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏற ஏறக் கம்பி பருத்து, மேலே இருக்கும் சிமெண்டைப் பிளந்து தள்ளும். கடற்கரை ஓரத்து வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சரி, கல் மட்டும் சாகாவரம் பெற்றதா என்றால் அதுவும் இல்லை. கடற்கரைக் கோயிலின் வெளிச்சுவரில் உருவங்கள் மழுங்கிப்போனது மணலோடு அடிக்கிற காற்றாலும் உப்பாலும்தான். அதைக் காப்பாற்ற அலைத்தடுப்புக் கல் போட்டார்கள், சவுக்கு நட்டார்கள், காகிதக் கூழ் பூசிக் கல்லிலிருந்து உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். ஆனால் அதே ஊரில் கொஞ்சம் உள்ளே தள்ளி, அர்ச்சுனன் தபசில் இருக்கிற பூனையின் வயிற்று மடிப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. எங்கே வைக்கிறோம் என்பதையும் சிற்பியைக் கேட்டே முடிவு செய்யலாம். மெரினாவில் சிற்பி ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959-லிருந்து வெண்கலத்தில் கடல் காற்றைத் தாங்கி நிற்கிறதே. தலைவர்களும் புலவர்களும் வரிசையாக நிற்கிற அந்தச் சாலையில், பாறை நெம்புகிற பெயரில்லாத நான்கு பேரைத்தான் ஊரே அடையாளமாகச் சொல்கிறது.

அப்புறம், பெரிதாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பங்குனி ஆமை இரண்டு இரண்டே கால் அடிதான். அதே அளவில் ஒரு கல் ஆமை, மணல் முடிகிற இடத்தில், பீடம் இல்லாமல் தரையோடு தரையாக வைத்தால் போதும். பிள்ளைகள் அதன் மேல் உட்காரும், தடவிப் பார்க்கும், துடுப்பை எண்ணும். நம் ஆட்கள் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, இரண்டே மாதத்தில் கூர்மாவதாரம் ஆக்கிவிடுவார்கள் என்று ஒரு நண்பர் சிரித்தார். ஆகட்டுமே. பெயிண்ட் உரிந்த டால்ஃபினுக்கு யாராவது பூ வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

சோழமண்டலத்தையும் சொல்லியாக வேண்டும். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் போன்ற கைவினைப் பொருட்களை விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிக் குடியேறிய கிராமம் அது. ஜானகிராம், நந்தகோபால் போன்ற சிற்பிகள் உலோகத்தில் செய்தவை எல்லாம் ஆற அமரப் பார்க்க வேண்டிய வேலைகள். ஆனால் அவற்றைப் பார்க்க வளாகத்துக்குள் போக வேண்டும். வெளியே அதே சாலையில் தினமும் போகிற மீன்காரம்மாவுக்கும் ஷேர் ஆட்டோக்காரருக்கும் கண்ணில் படுவது விளம்பரப் பலகைதான். அந்தத் தரத்தில் ஒரு வேலை பஸ் நிறுத்தத்தில் நின்றால் என்ன?

ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காமல் போனால்? போகலாம். இங்கிலாந்தில் ஆல்ட்பரோ என்ற கடலோரச் சிற்றூரில் 2003-ல் நான்கு மீட்டர் உயரத்துக்கு எஃகில் சிப்பி ஒன்றை வைத்தார்கள். செய்தது மேகி ஹேம்ப்ளிங், அந்த சஃபோக் மாவட்டத்திலேயே பிறந்தவர். உருவாக்கிக் கொடுத்ததும் உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள். ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. எடுக்கச் சொல்லி மனுப் போட்டார்கள், ராத்திரியில் பெயிண்ட் ஊற்றினார்கள், ஒரு தடவை இல்லை, பல தடவை. சிப்பி அங்கேயேதான் இருக்கிறது. காற்றுக்கு ஒதுங்கி அதற்குள் உட்கார்ந்து ஜனங்கள் கடலைப் பார்க்கிறார்கள். சண்டை போடும் அளவுக்கு ஒரு சிலை ஒருவருக்கு முக்கியமாக இருந்ததே பெரிய விஷயம் என்பேன். நம் நீல டால்ஃபினை நாளைக் காலையில் அள்ளிக்கொண்டு போனால் எத்தனை பேர் கவனிப்பார்கள்?

எனக்கு அதிகாரம் இருந்தால் செய்யச் சொல்வது சின்ன வேலைதான். சிலைக்கான பணத்தை நடைபாதை ஒப்பந்தத்திலிருந்து பிரித்து, நேராகச் சிற்பியிடம் கொடுப்பது. அதில் பார்ப்பதற்கான நாட்களுக்கும் கூலி போடுவது. என்ன உருவம் என்பதைக் குப்பத்துக்காரர்களோடு உட்கார்ந்து முடிவு செய்வது. பழவேற்காட்டில் கேட்டால் நண்டு என்பார்கள், தூத்துக்குடியில் சங்கு என்பார்கள், பாக் நீரிணைக் கரையில் கடல்பசு என்பார்கள். மணலைப் பிடித்து வைக்கிற அடும்புக் கொடியை யாராவது கேட்கக்கூடும், யார் கண்டது. மெழுகிலோ களிமண்ணிலோ ஒரு மாதிரி செய்து மீன் ஏலக்கூடத்தில் வைத்துவிட்டால் போதும், துடுப்பு தப்பா செவுள் தப்பா என்று காலை பத்து மணிக்குள் தெரிந்துவிடும். கல்வெட்டில் முதல் வரி சிற்பிக்கு. உளி தீட்டியவருக்கும் உதவியாளருக்கும் இடம் விடுங்கள். மிச்சம் இருந்தால் மற்றவர்கள்.

உங்கள் ஊர்க் கடற்கரையில் என்ன சிலை நிற்கிறது? போட்டோ எடுத்துக் கமெண்டில் போடுங்கள், பெயர்ப்பலகையும் தெரிகிற மாதிரி. செய்தவர் பெயர் எங்கேயாவது இருந்தால் அதைக் கட்டாயம் போடுங்கள், அவரைத் தேடிப்போய்ப் பார்க்க எனக்கு ஆசை.