சங்கத்தில் சேர்ந்தால் பிஎஃப் முடங்குமா? முடங்காது

"திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பிள்ளைகள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தால் வேலையும் போகும், பிஎஃப் பணமும் முடங்கும். சங்கத்தால்தான் ஆர்டர் எல்லாம் வங்கதேசத்துக்குப் போச்சு" என்றொரு குரல்பதிவு தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் பக்கத்து வாட்சப் குழுக்களில் சுற்றுகிறது. இது உண்மையல்ல.

பிஎஃப் தொழிலாளியின் சொந்தப் பணம். சங்கத்தில் இருக்கிறார் என்று யாரும் அதை முடக்க முடியாது. அரசின் உமங் செயலியில் யுஏஎன் என்ற பிஎஃப் உறுப்பினர் எண்ணைப் போட்டு பாஸ்புக்கைத் திறங்கள். மாதாமாதம் பிடித்த தொகையும் முதலாளி பங்கும் தனித்தனியாக இருக்கும். ஏதாவது மாதம் விடுபட்டிருந்தால், கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். வீட்டில் இருக்கும் பெற்றோர் இதைப் பிள்ளைகளிடம் அவசியம் சொல்லுங்கள்.

சங்கம் சேர்வது அரசியல் சாசனத்தின் 19(1)(சி) தரும் உரிமை. சேர்ந்தால் வேலை போகும் என்று மிரட்டுவதே முறையற்ற செயல் என 2020 தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. இணையத்தில் யாரும் படிக்கலாம்.

ஆர்டர் விஷயத்தில் பெரிய காரணம் வரி. ஐரோப்பாவில் வங்கதேச ஆடைக்குப் பல ஆண்டுகளாக வரிவிலக்கு. நம் ஆடைக்கு வரி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது திருப்பூர் தடுமாறியதை எல்லோரும் பார்த்தோம்.

அந்தப் பதிவு வந்தால் தயவுசெய்து அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைக் காட்டுங்கள்.