ப்யூயிக்கைத் தின்ற ஏலியன்களுக்கு ஒரு அரை வக்காலத்து

பிரிட்டிஷ் பாடகர், சிந்தசைஸர் கலைஞர் தாமஸ் டால்பி என்றதும் எல்லோரும் 'ஷி ப்ளைண்டட் மீ வித் சயின்ஸ்' என்பார்கள். 1983-இல் அமெரிக்காவில் 5-ஆம் இடம் வரை போன பாட்டு. நடுவில் ஒரு வயதானவர் 'சயின்ஸ்!' என்று கத்துவாரே, அவர் மேக்னஸ் பைக், பிரிட்டிஷ் டிவியில் பிரபலமாக இருந்த நிஜ விஞ்ஞானி. இன்னும் கொஞ்சம் உள்ளே போனவர்கள் 1984-இல் வந்த 'தி ஃப்ளாட் எர்த்'தான் அவருடைய உச்சம் என்பார்கள். அதற்கு அடுத்து 1988-இல் வந்த 'ஏலியன்ஸ் ஏட் மை ப்யூயிக்' (என் ப்யூயிக் காரை ஏலியன்கள் தின்றுவிட்டன) ஆல்பம் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தாலும் ஒரே தீர்ப்புதான்: சிந்தசைஸரோடு சும்மா இருந்த மனுஷன் ஃபங்க் என்கிற, தாளமே ராஜாவான அமெரிக்கக் கறுப்பின ஆட்ட இசையை வாசிக்கப் போய்க் கெட்டார்.

இந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. ஆல்பம் ஏற்ற இறக்கமானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கெடுத்தது ஃபங்க் இல்லை.

டால்பியின் முதல் இரண்டு ஆல்பங்களில் எனக்குப் பிடித்தது மெஷின் சத்தம் அல்ல, அந்தச் சத்தத்துக்கு நடுவே இருக்கும் தனிமை. 'ஒன் ஆஃப் அவர் சப்மரீன்ஸ்' இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பலில் இறந்துபோன அவருடைய மாமாவை நினைத்து எழுதியது. பாட்டு முழுக்க எலெக்ட்ரானிக்ஸ்தான். கேட்டால் வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி இருக்கும். இன்னொரு பக்கம் அதே ஆள் ஃபாரினர் குழுவின் '4' ஆல்பத்துக்குக் கீபோர்டு வாசித்தார், டெஃப் லெப்பர்டின் 'பைரோமேனியா'வில் புக்கர் டி. பாஃபின் என்ற பொய்ப் பெயரில் வாசித்தார், ப்ரீஃபாப் ஸ்ப்ரவுட்டின் 'ஸ்டீவ் மெக்வீன்' ஆல்பத்தைத் தயாரித்தார், 1985 லைவ் எய்டில் டேவிட் பௌவிக்குப் பின்னால் கீபோர்டில் நின்றார். எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் பந்தி பரிமாறிவிட்டுத் தன் வீட்டு அடுப்பை மறந்தவர் மாதிரி, 1984-க்குப் பிறகு நான்கு வருஷம் சொந்த ஆல்பமே வரவில்லை.

அந்த இடைவெளியில் ஹாலிவுட் வந்துவிட்டது. ஜார்ஜ் லூகஸ் தயாரித்த 'ஹவர்ட் தி டக்' (1986) படத்துக்குப் பாட்டு போட்டார். படம் படுத்தது, உலகமே சிரித்தது. டால்பி லாஸ் ஏஞ்சலிஸிலேயே தங்கி, லாஸ்ட் டாய் பீப்பிள் என்று உள்ளூர் வாத்தியக்காரர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். அந்தக் குழுவோடு செய்ததுதான் இந்த ஆல்பம். அட்டையைப் பார்த்தாலே தெரியும், ஐம்பதுகளில் வந்த மலிவு விண்வெளிப் படத்தின் போஸ்டர் போல இருக்கும். எல்.பி. இசைத்தட்டில் மொத்தம் ஏழே பாட்டு.

முதல் பாட்டு 'தி கீ டு ஹர் ஃபெராரி'. ஜாஸ் பின்னணியில் டால்பி கதை சொல்ல ஆரம்பிக்கிறார், பிறகு வண்டி வேகமெடுக்கிறது. பணக்காரர்களின் பங்களாக்களை டிவியில் சுற்றிக் காட்டியே பேர் வாங்கிய ராபின் லீச்சும் வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார். முதல் தடவை கேட்கும்போது ஜாலியாகத்தான் இருக்கிறது. மூன்றாவது தடவை, ஜோக் முடிந்த பிறகும் ஒருவர் அதையே விளக்கிக்கொண்டிருப்பது போல ஆகிவிடுகிறது.

அடுத்தது 'ஏர்ஹெட்'. எனக்கு ஆகவே ஆகாத பாட்டு. தாளம் கச்சிதம், பின்குரல்கள் கச்சிதம், பேஸ் கிட்டாரில் ஒரு குறையும் சொல்ல முடியாது. விஷயம் என்ன? கலிஃபோர்னியாவில் ஒரு அழகான பெண், அவளுக்கு மண்டையில் ஒன்றுமில்லை. அவ்வளவுதான். கடைசியில் டால்பி ஒரு லத்தீன் சொற்றொடரைச் சொல்ல, அவள் அதை ஃப்ரெஞ்சு என்று நினைத்துக்கொள்கிறாள். சிரிப்பு வரத்தான் செய்கிறது, ஆனால் அது லண்டனிலிருந்து வந்த பையன் மேட்டில் நின்றுகொண்டு சிரிக்கும் சிரிப்பு. அவளுக்கு ஒரு வரிகூட மிச்சம் வைக்கவில்லை. இதைத்தான் முதல் சிங்கிளாகவும் வெளியிட்டார்கள். பிரிட்டனில் முதல் ஐம்பதுக்குள்கூட வரவில்லை.

இங்கேதான் 'தி ஃப்ளாட் எர்த்'தில் இருக்கும் 'ஸ்க்ரீன் கிஸ்' எனக்கு ஞாபகம் வருகிறது. அதுவும் ஹாலிவுட் கனவில் தொலைந்த ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டுதான். மேத்யூ செலிக்மன் வாசித்த ஃப்ரெட்லெஸ் பேஸ் (கழுத்தில் கட்டைகள் இல்லாமல் வழுக்கிப் போகும் பேஸ் கிட்டார்) அவளுக்குப் பின்னாலேயே நடந்து போவது போல இருக்கும். எந்த இடத்திலும் கிண்டல் இல்லை. அப்போது டால்பிக்கு அந்த ஊர் தூரத்து ஊர், அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அங்கேயே வீடு எடுத்துத் தங்கிய பிறகு அதே ஊர் அவருக்குத் தமாஷாகிவிட்டது. ஆல்பத்தின் கோளாறு இதுதான் என்பேன். அந்த ஊரின் வெயிலும் வேண்டும், காரும் வேண்டும், ஆனால் நான் உங்களில் ஒருவன் இல்லை என்று கண்ணடிக்கவும் வேண்டும். இந்த இரட்டை நிலை பாட்டில் கேட்டுவிடும். எந்தக் கம்ப்யூட்டராலும் அதை மறைக்க முடியாது.

'ஹாட் சாஸ்' வேறு ரகம். ஜார்ஜ் கிளின்டன் எழுதியது. பார்லமென்ட், ஃபங்கடெலிக் என்று இரண்டு குழுக்களை வைத்து ஃபங்க்கையே ஆண்டவர் தன் கையால் கொடுத்த பாட்டு. கௌபாய் படம் மாதிரி ஒரு முன்னுரை, அப்புறம் காரம் பற்றி ஒரே கூத்து. இதிலும் அர்த்தம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் யாரையும் மட்டம் தட்டவில்லை, அதனால் உறுத்தவும் இல்லை. 'பல்ப் கல்ச்சர்' ஓடுகிறது, முடிகிறது.

சரி, பொன் எங்கே? இரண்டாம் பாதியில். 'மை ப்ரெய்ன் இஸ் லைக் எ சீவ்' சாவகாசமாக ஆடிக்கொண்டே வரும் பாட்டு. நீ எனக்குச் செய்ததையெல்லாம் மறந்துவிட்டேன், என் மூளை சல்லடை என்கிறான் ஒருவன். ஒன்றையும் மறக்கவில்லை என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. இதிலும் கிண்டல் உண்டு, ஆனால் அடி வாங்குகிறவன் பாடுகிறவனே.

'தி எபிலிட்டி டு ஸ்விங்' வந்ததும் ஃபங்க் கெடுத்தது என்கிற வாதம் செத்துப் போகிறது. எவ்வளவு சாமர்த்தியம் இருந்தாலும் தாளத்தில் அந்த ஆட்டம் வராவிட்டால் வீண் என்று சொல்கிற பாட்டு. ஒலிகளைப் பதிவுசெய்து வாசிக்க உதவும் ஃபேர்லைட் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஒலியையும் அடுக்கிப் பேர் வாங்கிய மனுஷன் இதைப் பாடுவது தனக்கே வைத்துக்கொண்ட குட்டு. வாத்தியக்காரர்கள் தாளத்துக்கு ஒரு இழை பின்னால் சாய்ந்து வாசிக்கிறார்கள், டால்பியின் குரல் அவர்கள்மேல் சாய்ந்துகொள்கிறது. இது தனியாக உட்கார்ந்து பட்டன் தட்டி வந்திருக்காது. ஜாஸ் பாடகி பேட்டி ஆஸ்டின் பிற்பாடு இதை எடுத்துப் பாடினார். குழு அமைத்தது தப்பு என்பவர்கள் இதைக் கேட்டுவிட்டு வரட்டும்.

கடைசியில் 'புடாபெஸ்ட் பை ப்ளிம்ப்'. எட்டு நிமிடத்துக்கு மேல் போகும். ஃபெராரி, கலிஃபோர்னியா, காரம் எல்லாம் போய், திடீரென்று ஒரு ஆகாயக் கப்பலில் மெதுவாக ஐரோப்பாவுக்கு மேலே மிதக்கிறோம். அவசரமே இல்லை. குரல் கண்ணடிக்கவில்லை, யாரையும் சிரிக்க வைக்கப் பார்க்கவில்லை. 'ஏர்ஹெட்' பாடியவரா இது என்று தோன்றும். இந்த ஒரு பாட்டுக்காக அந்த ஆல்பத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுப்பேன், ஆனால் ஊசியை இரண்டாம் பக்கத்தில்தான் வைப்பேன்.

இதற்குப் பிறகு அவர் இசையை விட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் போனார் என்பார்கள், உண்மைதான். அவர் தொடங்கிய பீட்னிக் நிறுவனத்தின் ஒலி மென்பொருள்தான் நோக்கியா ஃபோன்களில் பாலிஃபோனிக் ரிங்டோனாகப் பாடியது. அந்தக் காலத்தில் பஸ்ஸில் போன எவரும் டால்பியின் கைவேலையைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது.

ஆனால் அதற்கு முன்னால் 1992-இல் 'அஸ்ட்ரனாட்ஸ் அண்ட் ஹெரெடிக்ஸ்' என்று இன்னொரு ஆல்பம் செய்தார். அதில் 'ஐ லவ் யூ குட்பை' கேளுங்கள். மறுபடியும் அமெரிக்காதான், மறுபடியும் கார்தான், இந்தத் தடவை லூயிசியானா. அந்த மண்ணில் ஃப்ரெஞ்சு வழி வந்தவர்களின் நாட்டுப்புற இசையான கேஜன் வாசிக்கும் மைக்கேல் டூசேயை ஃபிடிலோடும் வெய்ன் டூப்ஸை அக்கார்டியனோடும் கூப்பிட்டு வாசிக்க வைத்தார். அந்த ஊரைப் பார்த்து ஒரு கிண்டல்கூட இல்லை. அந்த ஆல்பமும் பெரிதாக விற்கவில்லை.