கோடை விடுமுறையில் முடிந்துவிடும் பதினொன்றாம் வகுப்பு

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த கையோடு பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடும் தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளைப் பற்றி இந்தப் பதிவு. ஏப்ரலில் தேர்வு முடிகிறது. ரிசல்ட் மே மாதம்தான் வரும். அதற்குள் அட்மிஷன் போட்டு, குரூப் ஒதுக்கி, புத்தகத்தையும் கையில் கொடுத்து, காலையிலிருந்து மாலைவரை வகுப்பு நடத்துகிறார்கள். நோட்டீஸில் 'பிரிட்ஜ் கோர்ஸ்' என்று இருக்கும். உள்ளே நடப்பது முழுக்க முழுக்கப் போர்ஷன். ஜூனில் பள்ளி திறக்கும்போது இயற்பியலிலும் கணக்கிலும் முதல் சில பாடங்கள் முடிந்து, ஸ்லிப் டெஸ்ட்டும் வைத்தாகிவிடும். காலாண்டுத் தேர்வுக்குள் பதினொன்றாம் வகுப்பையே மூட்டை கட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் இதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். பெற்றோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் எடுக்கிறேன். இப்படி வேகவேகமாகப் படித்து வந்த பிள்ளைகள்தான் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வருடம் என் அண்ணன் மகளையும் இப்படி ஒரு வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். அதனால் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கொஞ்சம் பழைய கதையைச் சொன்னால்தான் இப்போது ஏன் கவலைப்படுகிறேன் என்று புரியும். கல்லூரி அட்மிஷனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே போதும் என்று இருந்த காலத்தில், நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளிகள் தொடங்கிப் பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பேருக்குத் திறந்தன. இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்தான். அப்படி வந்த மாணவர்கள் பொறியியல் முதலாண்டில் திணறினார்கள், நுழைவுத் தேர்வுகளிலும் திணறினார்கள். இதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 1200 மதிப்பெண் என்பது வகுப்புக்கு 600 ஆனது. அடுத்த வருடமே, உயர்கல்விக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதும் என்று அறிவித்தார்கள். அதோடு அந்தத் தேர்வின் பல் பாதி போய்விட்டது. ஆனாலும் பொதுத்தேர்வு என்று ஒன்று இருந்ததால் எல்லாப் பள்ளியும் அந்தப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை நடத்தியே ஆக வேண்டியிருந்தது.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதை ஒட்டி, 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு இல்லை என்றானது. அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று வரிசையாக மூன்று வருடம் பதின்வயதுப் பிள்ளைகளைப் பொதுத்தேர்வுக்கு உட்காரவைப்பது கொடுமை. ஆனால் அந்த ஒரு கடிவாளத்தை எடுத்த இடத்தில் வேறு எதையாவது வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. கோடைக்கால வேக வகுப்புகள் அந்த இடத்தில்தான் வந்து உட்காருகின்றன. முன்பு பதினொன்றாம் வகுப்பை நடத்தாமல் விட்டார்கள். இப்போது மே மாதத்தில் 'நடத்தி முடித்துவிட்டோம்' என்று கணக்குக் காட்டுகிறார்கள். பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

முடித்துவிட்டோம் என்றால் என்ன பொருள் என்பதை என் வகுப்பிலிருந்தே சொல்கிறேன். சைன் எக்ஸின் வகைக்கெழு, அதாவது அதன் வளைவரை ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் சார்பு, என்ன என்று கேட்டால் மொத்த வகுப்பும் ஒரே குரலில் 'காஸ் எக்ஸ்' என்கிறது. சரி, சைன் எக்ஸின் வரைபடத்தைப் போர்டில் வந்து போடுங்கள் என்றால் தயங்கித் தயங்கி ஓரிருவர் வருவார்கள். பூஜ்ஜியத்தில் அந்த வளைவரையின் சாய்வு எவ்வளவு, உச்சியில் எவ்வளவு என்று கேட்டால் அமைதி. கோணத்தை ரேடியனில் எடுக்காமல் டிகிரியில் எடுத்தால் இந்த விதி அப்படியே பொருந்துமா என்று கேட்டால், இப்படி ஒரு கேள்வி இருக்க முடியும் என்பதையே அன்றுதான் கேள்விப்படுகிறார்கள். டிகிரியில் எடுத்தால் கூடவே π/180 என்ற காரணி வந்து ஒட்டிக்கொள்ளும். அது ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு பிள்ளைக்கு ஒரு மதியம் முழுக்க ஆகலாம். ரேடியனை எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்பது அந்த மதியத்தில்தான் புரியும். அந்த மதியம் எந்த வேக வகுப்பின் டைம்டேபிளிலும் கிடையாது. இவர்களைப் படிக்காத பிள்ளைகள் என்று நினைக்காதீர்கள். எல்லோரும் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்கள். புத்திசாலிகள். அந்த வரைபடத்தைச் சாய்வோடு சேர்த்துப் பார்த்ததும் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் அதிகமாகிறது. பதினாறு வயதில் கிடைத்திருக்க வேண்டிய சந்தோஷம் இது.

நல்ல கோடை வகுப்புக்குத் தேவை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இரண்டாவது பாடமே இயக்கவியல். திசைவேகம், முடுக்கம் என்று ஆரம்பித்ததும் வெக்டரும், வகைக்கெழு கண்டுபிடிக்கும் வகையிடலும் வந்துவிடும். கணிதப் புத்தகத்தில் வெக்டர் எட்டாவது பாடம், எல்லை (லிமிட்) ஒன்பதாவது, வகையிடல் பத்தாவது. மூன்றும் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. ஜூனில் இயற்பியல் ஆசிரியர் கேட்பதைக் கணித ஆசிரியர் தீபாவளிக்குப் பிறகுதான் தருவார். இயற்பியல் புத்தகமே இதற்கு ஒரு சின்ன அறிமுகம் கொடுத்திருக்கிறது, ஆனால் பத்தாம் வகுப்பிலிருந்து நேராக வரும் பிள்ளைக்கு அது போதாது. இந்த இடைவெளியை நிரப்ப மே மாதக் கடைசியில் இரண்டு வாரம், தினமும் காலையில் மட்டும், ஒரு வகுப்பு வைத்தால் நானே கும்பிட்டு வரவேற்பேன். வரைபடம் போடுவது, சாய்வு என்றால் என்ன, அம்புக்குறியை எப்படிக் கூட்டுவது, அலகுகளை எப்படி மாற்றுவது, வேதியியலுக்கு மோல் கணக்கு. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழிக்கு மாறும் பிள்ளைகளுக்குப் பாடச் சொற்களைப் பழக்குவது. இதுதான் பிரிட்ஜ். டெஸ்ட் வேண்டாம், ரேங்க் வேண்டாம். ஒரு பள்ளியாவது இப்படி நடத்துகிறது என்றால் கமென்டில் சொல்லுங்கள், நான் போய்ப் பார்க்கத் தயார்.

நீட்டுக்காகத்தான் இவ்வளவு அவசரம் என்று பெற்றோர் சொல்கிறார்கள். நீட் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் சேர்ந்தேதான் இருக்கின்றன. பொறியியலுக்கான ஜேஇஇயும் அப்படித்தான். நீட்டில் 180 கேள்விகளை 180 நிமிடத்தில் போட வேண்டும். அந்த வேகம், புரிந்ததைத் திரும்பத் திரும்பச் செய்து வருவது. தப்பாகப் போட்டு, எங்கே தப்பினோம் என்று தேடி, மறுபடி போட்டு வர வேண்டும். இயக்கவியலையும் வெப்ப இயக்கவியலையும் வேர்வை வழியக் கேட்டுவிட்டு வந்த பிள்ளை, நவம்பரில் அதே பாடத்தைத் திறந்தால் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கும். அப்போது 'ரிவிஷன்' என்ற பெயரில் டெஸ்ட் மட்டும்தான் இருக்கும், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. அதற்கும் வெளியே ஒரு டியூஷன் வைக்க வேண்டும். எந்தத் தேர்வைக் காட்டிப் பயமுறுத்துகிறார்களோ அந்தத் தேர்விலேயே இந்த முறை பிள்ளையைக் கைவிடுகிறது.

அடிபடுகிற இன்னொரு கூட்டம் இருக்கிறது. ரிசல்ட் வந்த பிறகு, நல்ல மார்க் எடுத்துவிட்டு, கிராமத்து அரசுப் பள்ளியிலிருந்து இந்தப் பள்ளிகளுக்கு வந்து சேரும் பிள்ளைகள். கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருப்பார்கள். முதல்நாள் வகுப்பில் போய் உட்கார்ந்தால் மூன்றாவது பாடம் ஓடிக்கொண்டிருக்கும். கையைத் தூக்கிக் கேட்டால், 'அதெல்லாம் சம்மரிலேயே முடிஞ்சாச்சு, பக்கத்துல நோட்டை வாங்கிப் பாத்துக்கோ' என்பது பதில். என்னிடம் வந்த ஒரு மாணவன் இதை அப்படியே சொன்னான். அன்றிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அவன் கையையே தூக்கவில்லையாம். ஊரிலேயே முதல் மார்க் எடுத்த பையன் அவன்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 2023-இலும் 2024-இலும் வெயில் தாங்காமல் ஜூனில் பள்ளி திறப்பதையே அரசு தள்ளிவைத்தது. பள்ளியே திறக்கக் கூடாத வெயிலில், கத்திரியின் நடுவில், பிள்ளைகள் வேனில் போய்வருகிறார்கள். விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித்துறை அடிக்கடி சுற்றறிக்கை அனுப்புகிறது. அது வரும் நாளில் பிள்ளைகளைச் சீருடை இல்லாமல் வரச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் மாற்றம். இந்த வகுப்புக்குத் தனியாகப் பணம் வேறு. அண்ணன் கையில் இருக்கும் ரசீதில் அது 'ஆக்டிவிட்டி' என்று இருக்கிறது. தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழு இருக்கிறது. இந்த ரசீதெல்லாம் அதன் கண்ணில் படுகிறதா?

ஆசிரியர்களையும் இதில் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. என்னோடு படித்த தோழிகள் பலர் இந்தப் பள்ளிகளில்தான் வேலை செய்கிறார்கள். விடுமுறை என்று ஒன்று அவர்களுக்குக் கிடையாது. தன் குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு அடுத்தவர் குழந்தைக்கு வேகவேகமாகப் பாடம் ஓட்டுகிறார்கள். இவ்வளவு ஓட்டினால் எதுவும் ஏறாது என்பது எங்கள் எல்லோரையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மாலையில் கரஸ்பாண்டென்ட் அறையில் 'எத்தனை பாடம் முடிஞ்சது' என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 'எத்தனை பேருக்குப் புரிந்தது' என்று யாரும் கேட்பதில்லை. ஆய்வகமும் பூட்டியே கிடக்கிறது. வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுக்காமலேயே அளவீட்டியல் பாடம் முடிந்துவிடுகிறது.

பெற்றோரின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகும்போது நம் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க யாருக்கும் கை நடுங்கும். அட்மிஷன் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயமும் உண்மையானது. அதனால் தனியாக ஒரு குடும்பம் எதிர்த்து நிற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே வகுப்பில் சேர்ந்திருக்கும் பத்துப் பெற்றோர் சேர்ந்து போனால் நிர்வாகம் உட்காரவைத்துப் பேசும். மே மாதத்தில் எந்தெந்தப் பாடம் நடத்துகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நடத்தியதை, பிறகு சேரும் பிள்ளைகளுக்காக ஜூனில் மறுபடி முதலிலிருந்து நடத்துவீர்களா என்று கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எந்த மாதம் பிள்ளைகள் கையில் கொடுப்பீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். அரை நாளோடு வகுப்பை முடிக்கச் சொல்லுங்கள். ரசீதில் கட்டணத்தின் உண்மையான பெயரைப் போடச் சொல்லுங்கள்.

கல்வித்துறை செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. பொதுத்தேர்வைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். டிசம்பரில் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு பள்ளிக்குப் போய், பதினொன்றாம் வகுப்பு மாணவர் நாலு பேரின் கணித நோட்டை வாங்கி, எந்தத் தேதியில் எந்தப் பாடம் நடந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும். எல்லாம் அதில் இருக்கிறது.

அண்ணனிடம் பேசிவிட்டேன். இந்த வாரம் பள்ளிக்குப் போகிறோம், இன்னும் சில பெற்றோரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் இதே நிலைமை என்றால், பள்ளியின் பெயரைப் போடாமல் என்ன நடக்கிறது என்று மட்டும் கீழே எழுதுங்கள். கேட்க வேண்டிய கேள்விகளில் எதையாவது நான் விட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், போகும்போது சேர்த்துக் கேட்டுவிடுகிறேன்.