உபவாச ஜெபம் முடிந்ததும் வரவு செலவு வாசிப்போம்

போன வாரம் ஒரு இளம் ஐயர் போன் செய்தார். சபைப் போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். அவருடைய சேகரத்தில், அதாவது அவர் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்தில், பழைய ஆலயத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதென்று சபைக் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. என்ஜினியர் கொடுத்த எஸ்டிமேட் ஒரு கோடியைத் தாண்டுகிறது. சபையில் பாதிப்பேர் கூலி வேலைக்குப் போகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள். "விசுவாசத்தோட இறங்கிட்டோம் அண்ணாச்சி. ஆனா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது" என்றார்.

எங்கள் ஊர் ஆலயக் கட்டுமானத்துக்கு ஆறு வருஷம் பொருளாளராக இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்டார். போனில் சொன்னது போக மனதில் நிறைய மிச்சம் இருக்கிறது. ஆலய வேலையைக் கையில் எடுத்திருக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதல் வருஷம் நாங்கள் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன். தலைக்கட்டு வரி போட்டோம். வீட்டுக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் ஒரே தொகை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கட்டியவர்கள் பெயரையும் பாக்கி வைத்தவர்கள் பெயரையும் ஆராதனை முடிவில் வாசித்தோம். பணம் வந்தது, மறுக்கவில்லை. மூன்றாவது மாதம், பின் வரிசையில் தூண் ஓரம் எப்போதும் உட்காரும் ஒரு கொத்தனாரைக் காணோம். நாலு ஞாயிறு பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். வேலையில் விழுந்து கை ஒடிந்து கட்டுப் போட்டிருந்தார். ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று கேட்டேன். "பாக்கிய வச்சிக்கிட்டு எப்படி அண்ணாச்சி கோயில்ல வந்து உக்கார? பிள்ளைங்க முன்னால பேரு வாசிச்சிருவீங்கள்ளா" என்றார்.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. ஊரில் பாதி வீட்டுக்குச் சுவர் வைத்த மனுஷன் அவர். கோயிலுக்குள் வரப் பயப்படும்படி செய்தது நாங்கள். மறுநாள் எங்கள் ஐயரிடம் போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்தில் நின்று சபையாரிடம் மன்னிப்புக் கேட்டார். வரியை ரத்து செய்தார். அவரவர் கொடுக்க நினைப்பதை ஒரு கவரில் எழுதிப் போடட்டும், அது ஐயரும் பொருளாளரான நானும் தவிர யாருக்கும் தெரியாது என்றார். கமிட்டியில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், வசூல் விழுந்துவிடும் என்றார்கள். முதல் மூன்று மாதம் விழத்தான் செய்தது. ஐயர் பின்வாங்கவில்லை. ஒரு தலைவருடைய விசுவாசத்தை நான் கண்ணால் பார்த்தது அந்த மூன்று மாதத்தில்தான்.

"கர்த்தர் தருவார்" என்பதை மட்டும் விசுவாசம் என்று நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்குக் கேட்கிறவன் விசுவாசம் இல்லாதவன் என்று ஆகிவிடுகிறது. இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இரண்டாம் இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யோவாஸ் ராஜா ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சொல்லிப் பணத்தை ஆசாரியர்களிடம் விடுகிறான். அவன் ஆட்சியின் 23ஆம் வருஷம் வரை ஒரு வேலையும் நடக்கவில்லை. அப்புறம்தான் ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரமிட்டு, ஜனங்கள் உள்ளே வரும் வழியில் பலிபீடத்தண்டையில் வைக்கிறான். பெட்டி நிறைந்தால் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணுகிறார்கள். அங்கிருந்து பணம் வேலையை விசாரிக்கிறவர்கள் மூலமாகத் தச்சர், கொத்தர், கல்தச்சர் கைக்குப் போகிறது. ஜனங்கள் அதே ஜனங்கள்தான். பணம் போகும் வழி கண்ணுக்குத் தெரிந்ததும் வேலை நடந்தது. பவுலும் எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பணத்தைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூட வைத்துக்கொண்டார். யாரும் குற்றம் சொல்லக்கூடாது என்ற எச்சரிக்கை அப்போஸ்தலனுக்கே இருந்தது.

எங்கள் ஐயர் இதை அப்படியே செய்தார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். ஜெபம் முடிந்ததும், ஆசீர்வாதம் கூறும் முன்னால், நான் எழுந்து அந்த வாரத்து வரவு செலவை வாசிக்க வேண்டும். சிமெண்ட் எத்தனை மூட்டை, கம்பி எத்தனை கிலோ, கொத்தனார் கூலி எவ்வளவு, கையில் மிச்சம் எவ்வளவு. கொடுத்தவர் பெயர் வராது, செலவு மட்டும் ஒன்றுவிடாமல் வரும். மிச்சம் இருநூறு ரூபாய் என்று வாசித்த வாரமும் உண்டு. அப்படிப்பட்ட வாரத்தில் ஜனங்கள் ஜெபித்த ஜெபமே வேறு.

கைப்பிடி அரிசியும் அப்போதுதான் எங்கள் ஊரில் திரும்ப வந்தது. எங்கள் பாட்டி காலத்தில் உலை வைக்கும் முன்பு ஒரு பிடி அரிசியைத் தனிச் சட்டியில் போட்டு வைப்பார்கள். மிசோரம் சபைகளில் 1910இல் தொடங்கிய இந்த வழக்கம் இன்றுவரை விட்டுப்போகவில்லை. அந்தப் பிடி அரிசியில்தான் அங்கே எத்தனையோ ஊழியங்கள் நடக்கின்றன. எங்கள் ஊரில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் மாதம் ஒருமுறை வீடு வீடாக எடுத்து, ஞாயிறு ஆராதனைக்கு அப்புறம் கோழி, முட்டை, முருங்கைக்காயோடு ஏலம் விடுவார்கள். பெரிய தொகை இல்லைதான். ஆனால் கவரில் போடக் காசில்லாத வீட்டு அம்மாவும் நிமிர்ந்து உள்ளே வந்தாள்.

பெரிய நன்கொடை பற்றியும் சொல்ல வேண்டும். வெளியூரில் வசதியாக இருக்கும் ஒருவர், கூரைச் செலவு முழுக்கத் தருகிறேன், வாசலில் என் அப்பா பெயரில் கல்வெட்டு வேண்டும் என்றார். ஐயர் மரியாதையாகவே மறுத்தார். கூரை வேலை நாலு மாதம் நின்றுபோனது. மழைக்காலம் வேறு. ஊரில் பேசாத பேச்சில்லை, எனக்கே அவர் மேல் வருத்தம். இன்று அந்த வாசலில் நுழையும்போது அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அப்பா பெயரை வைக்க ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் ஒரு பிடி அரிசி போட்டவள் தாண்டி வருகிற வாசலில் ஒரே ஒரு வீட்டுப் பெயர் இருக்கக்கூடாது.

தாமதத்துக்குப் பயந்து வட்டிக்கு வாங்காதீர்கள். கால்டுவெல் இடையன்குடி ஆலயத்தை 1847இல் தொடங்கினார், பிரதிஷ்டை 1880இல். 33 வருஷம். நடுவில் தாது வருஷப் பஞ்சமும் வந்து போனது.

இன்னொன்று. கட்டட வேலை நடக்கிறது என்று மிஷனெரி காணிக்கையை நிறுத்தாதீர்கள். நம் நெல்லை ஜனங்கள் சொந்தக் காணிக்கையில் வெளியே ஊழியரை அனுப்ப இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியது 1903இல். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதில் முன்னின்றார், பின்னாளில் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பேராயரானார். தோர்ணக்கலில் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஏழை விவசாயக் கூலிகள். தானியமும் கோழியுமாகக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பேராலயம் 1939இல் பிரதிஷ்டையானது. கூரை நின்றுபோன அந்த நாலு மாதமும் எங்கள் மிஷனெரி காணிக்கை ஒரு ரூபாய் குறையாமல் போனது. ஐயர் அதில் பிடிவாதமாக இருந்தார்.

அவருடைய கவரைப் பற்றி ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன், அவர் இப்போது வேறு சேகரத்துக்கு மாறிவிட்டார். ஒவ்வொரு மாதமும் முதலில் வருவது அவருடைய கவர்தான். அவர் சம்பளம் எனக்குத் தெரியும், அதனால் அந்தக் கவரைத் திறக்க எனக்குக் கை கூசும். தாவீது ஆலயத்துக்குக் கேட்பதற்கு முன்னால் தன் சொந்தப் பொன்னையும் வெள்ளியையும் எடுத்து வைத்தானே, அந்தப் பகுதியை வைத்து இவர் ஒருநாளும் பிரசங்கம் செய்ததில்லை.

அந்தக் கொத்தனார் கை சரியானதும் வந்தார். பீடத்துப் படிகள் அவர் வேலை. கூலி வாங்கிக்கொள்ளச் சொன்னோம், பாதி வாங்கினார்.

அந்த இளம் ஐயர் வருகிற சனிக்கிழமை வீடு சந்திப்பைத் தொடங்குகிறாராம். மேலத்தெருக் கடைசி வீட்டிலிருந்து தொடங்குங்கள், சாப்பிட்டார்களா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேளுங்கள், ஜெபம் செய்துவிட்டு வாருங்கள் என்றேன். ரசீது புத்தகத்தைக் கையில் எடுத்துப் போகாதீர்கள் என்றும் சொன்னேன்.