பறக்காத வாத்து நோயுற்ற வாத்தா?

பிரிட்டனில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வீட்டுத் தோட்டக் குளங்களுக்கு வரும் மல்லார்ட் என்னும் காட்டுவாத்துகள் ஆள் நெருங்கினாலும் பறக்காமல் புதருக்குள் பதுங்குவதும், ஆண் வாத்தின் பச்சைத் தலை நிறம் மங்குவதும் பறவைக் காய்ச்சலின் அறிகுறிகள் என்று ஒரு தகவல் பரவி வருகிறது. இது தவறு.

மல்லார்ட் இன வாத்துகள் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் இரு சிறகுகளிலும் உள்ள பறப்பிறகுகளை ஒரே சமயத்தில் உதிர்த்துவிடுவதால், புதியவை வளரும் வரை, அதாவது ஏறத்தாழ 3 முதல் 4 வாரங்களுக்கு, அவற்றால் பறக்க இயலாது. காகமும் புறாவும் இறகுகளைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்வதால் அவற்றிடம் இந்த முடக்கத்தை நாம் காண்பதில்லை. வதந்தி எளிதில் எடுபடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதே பருவத்தில் ஆண் வாத்து பெட்டையைப் போன்ற பழுப்பு நிறத்துக்கு மாறிவிடுகிறது; பறக்க முடியாத நாள்களில் மறைந்திருக்க அந்த நிறம் கைகொடுக்கிறது. அப்போதும் அலகைப் பார்த்தால் ஆணை அடையாளம் காணலாம்: பெட்டையின் அலகில் ஆரஞ்சு நிறத்தின்மீது கருந்திட்டுகள் இருக்கும், ஆணின் அலகோ சீரான மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். குஞ்சுகளை வளர்க்கும் பெட்டை சற்றுப் பிந்தியே இறகுதிர்க்கும்.

கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், உடல் நடுக்கம், நிலைதடுமாறி வட்டமிடுதல் ஆகியவையே கவலைக்குரியவை. தொற்றுள்ள மல்லார்ட் எந்த அறிகுறியும் காட்டாமலும் இருக்கக்கூடும் என்பதால், எந்தக் காட்டுவாத்தையும் வெறுங்கையால் தொடக்கூடாது. இறகுதிர்க்கும் வாத்தைப் பிடிக்க முயலாமல், நாயையும் பூனையையும் அதனிடமிருந்து விலக்கி வைத்தாலே போதும்.