காசு தராதவர் கையில் கடிவாளமா?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆற்று வெள்ளத்தைக் கவனித்து, ஆற்றோரத்தில் கட்டுவதற்குப் பெர்மிட் கொடுக்கிற 36 நீர்வடிநிலப் பாதுகாப்பு அதிகாரசபைகளையும் ஏழாகச் சுருக்கி, அவற்றுக்கு மேலே மாகாண முகவரகம் ஒன்றை வைக்கப்போவதாக அரசு 2025 ஒக்டோபர் 31இல் அறிவித்தது. எங்கட ஆட்களிடம் இதைப்பற்றிப் பெரிதாகக் கதையே இல்லை. ரொறன்ரோவின் கிழக்கே ஹைலண்ட் கிறீக், ரூஜ் ஆற்றுப் பக்கங்களில் வீடு வாங்கி, பேஸ்மென்றை வாடகைக்கு விட்டுக் கடன் கட்டுகிற சனம் நாங்கள். தண்ணி வந்தால் முதலில் நிறைவது அந்த பேஸ்மென்ற்தான்.

இணைப்பு என்றாலே அநியாயம் என்று கத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ரொறன்ரோப் பகுதியின் அதிகாரசபையான டி.ஆர்.சி.ஏ.யே 1957இல் நான்கு சின்னச் சபைகளைச் சேர்த்து உருவானதுதான். அதற்குக் காரணம் 1954 ஒக்டோபர் நடுவில் வந்த ஹேசல் சூறாவளி. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆறு ஒரே இரவில் பெருகி, ரேமோர் டிரைவ் என்ற தெருவில் வீடுகளை ஆட்களோடு அள்ளிக்கொண்டு போனது.

இத்தனைக்கும் ஹம்பருக்கென்று 1948இலேயே ஓர் அதிகாரசபை இருந்தது. ஆற்றோரப் பள்ளக்காணிகளை வாங்கி, அங்கே ஆட்கள் குடியிருக்காமல் பார்த்துக்கொள்ள அதனிடம் வசதி இருக்கவில்லை. ஹேசலுக்குப் பிறகுதான் மேலிருந்து பணம் வந்தது, சட்டம் திருத்தப்பட்டது, பள்ளத்தாக்குக் காணிகள் பொதுச்சொத்தாயின. ரேமோர் டிரைவில் வீடுகள் நின்ற இடம் இன்று பூங்கா. கோடையில் நாங்கள் பார்பிக்யூ போடப் போகிற பள்ளத்தாக்குப் பூங்காக்கள் பலவும் அப்படிக் கைக்கு வந்தவைதான். (போகும்போது யாரும் அதை நினைப்பதில்லை, சரி.)

ஆகவே மாகாணத்துக்கு இதில் வேலை இருக்கிறது. எந்த வேலை என்பதில்தான் எனக்குச் சண்டை. 2019இல் இதே அரசு வெள்ள முகாமைத்துவ மானியத்தைப் பாதியாக வெட்டியது. 2022இல் 23ஆம் சட்டமூலத்தால், வீட்டுத்திட்டங்கள் பற்றி அதிகாரசபைகள் கருத்துச் சொல்லும் எல்லையைக் குறுக்கியது. செலவில் பெரும்பங்கு நகரசபைகள் தரும் பணத்திலும் சபைகளே உழைக்கும் கட்டணத்திலும்தான் ஓடுகிறது. காசைக் குறைத்து, வாயையும் கட்டிவிட்டு, இப்போது கடிவாளத்தையும் கேட்டால் எப்படி?

சபைக்குச் சபை கட்டணம் வேறு, விதி வேறு, பெர்மிட் கிடைக்கும் காலமும் வேறு என்று அரசு சொல்கிறது. உண்மைதான். சின்னச் சபைகளில் நல்ல வெள்ள வரைபடம் போடவே ஆள் இல்லை. அப்படியானால் வரைபடத்துக்குப் பணம் கொடுங்கள், எல்லோருக்கும் ஒரே பெர்மிட் இணையத்தளம் கட்டுங்கள், பொது விதி எழுதுங்கள். இதற்கெல்லாம் சபைகளைக் கலைக்கத் தேவையில்லையே. ஒக்டோபரில் வந்த முன்மொழிவில் சுப்பீரியர் ஏரிக்கரைத் தண்டர் பேயும் ஹூரோன் ஏரிக்கரை ஊர்களும் ஒரே சபைக்குள் வந்தன. காரில் போனால் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல்! மார்ச்சில் ஐஸ் உடைந்து எந்தப் பாலத்தடியில் அடைக்கும் என்பது அந்த ஆற்றோடு கிடப்பவருக்குத்தான் தெரியும். 1957இல் சேர்த்தவை பக்கத்துப் பக்கத்து ஆறுகள், ஒரே ஏரியில் விழுகிறவை.

உள்ளூர் என்பதற்காக யாரையும் கோயிலில் வைக்கவும் வேண்டாம். 2000இல் ஒன்ராறியோவின் வோக்கர்ரன் ஊரில் குடிதண்ணீரில் ஈ.கோலை கிருமி கலந்து ஏழு பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். குளோரின் பதிவேட்டில் பொய் எழுதியவர்கள் அந்த ஊர்க்காரர்களே. கண்காணிப்பு வெட்டுகளுக்காக மாகாணமும் விசாரணையில் குட்டு வாங்கியது. ஆனால் அந்த விசாரணையே குடிநீர் மூலங்களை நீர்வடிநிலம் நீர்வடிநிலமாகக் காக்கச் சொன்னது. 2006இல் வந்த சுத்தநீர்ச் சட்டத்தின் கீழ் அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்த இடம் இப்போது சுருக்கப்போகிற இதே அதிகாரசபைகள்.

2024 ஜூலை 16இல் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் கிட்டத்தட்ட 100 மில்லிமீற்றர் மழை கொட்டி, டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலை ஆறாக ஓடியது நினைவிருக்கும். அப்படியொரு நாளுக்குத்தான் இந்தச் சபைகள்.

மாகாணச் சட்டமன்றமான குயின்ஸ் பார்க்கில் ஆளுங்கட்சிப் பக்கம் எங்கட தமிழ் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அடுத்த ஒன்றுகூடலில் செல்ஃபி எடுக்க முதல் இதைக் கேளுங்கள்: புதிய சபையில் ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் எத்தனை இருக்கைகள், அதில் இருப்பவர்களை யார் தெரிவு செய்வது, முகவரகம் அவர்களுடைய முடிவைத் தள்ளிவிட்டால் நாங்கள் யாரிடம் போவது?