பதினைந்தாயிரம் இருக்கை போதும்

பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் கால்பந்துப் பேச்சு வந்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: "ஜோகூர்க்காரனுக்கு இருப்பது மாதிரி நமக்கும் ஒரு ஸ்டேடியம் இருந்திருந்தால் பேரா அணி எங்கேயோ போயிருக்கும்." எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. பேராவுக்குப் பதினைந்தாயிரம் இருக்கை போதும். திட்டுகிறவர்கள் கீழே வந்து திட்டலாம்.

ஈப்போவில் நமக்கு ஏற்கெனவே 40,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய அரங்கம் இருக்கிறது. பேரா 2002, 2003 என்று அடுத்தடுத்து லீக்கை வென்றது, 2018இல் மலேசியக் கிண்ணத்தையும் தூக்கியது. ஆனால் சாதாரண லீக் ஆட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். மேளம் அடிக்கிற பையன்கள் ஒரு பக்கம், மீதிப் பக்கமெல்லாம் வெறும் நாற்காலி. ஐயாயிரம் பேர் வந்தாலும் ஆளே இல்லாத மாதிரி இருக்கும். அதே ஐயாயிரம் பேரை எட்டாயிரம் இருக்கையில் உட்கார வையுங்கள், எதிரணி கோல்கீப்பருக்குக் காது அடைத்துவிடும்.

சத்தம் மட்டும் இல்லை. எப்போது போனாலும் டிக்கெட் கிடைக்கும் என்றால் யார் முன்கூட்டியே வாங்குவார்கள்? ஆட்டம் இரவு ஒன்பது மணிக்கு. சாயங்காலம் வானம் கறுத்ததும் மனசு மாறிவிடும். நாளைக்குக் காலை ஷிஃப்ட் வேறு, டிவியிலும் காட்டுகிறான், சரி, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் இருந்தால்தான் திங்கட்கிழமையே வாங்கி வைப்போம். காசு போட்டு வாங்கியவன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டாவது மோட்டாரில் கிளம்புவான். சீசன் டிக்கெட் விற்றுவிட்டால் கிளப்புக்கும் முதல் ஆட்டத்துக்கு முன்பே கையில் பணம்.

இதை இத்தாலியின் யூவெந்துஸ் அணி பட்டுத் தெரிந்துகொண்டது. 1990 உலகக் கிண்ணத்துக்காகத் தூரினில் கட்டிய டெல்லே ஆல்ப்பி அரங்கத்தில் 69,000 பேர் உட்காரலாம், சுற்றிலும் ஓட்டப்பந்தய ஓடுதளம். 2001-02இல் இத்தாலியக் கிண்ண ஆட்டம் ஒன்றுக்கு வந்தவர்கள் 237 பேர். எழுத்துப் பிழை இல்லை, இருநூற்று முப்பத்தேழுதான்! பிறகு அதை இடித்து, 2011இல் அதே இடத்தில் 41,000 பேருக்கு, ஓடுதளம் இல்லாமல் கட்டினார்கள். இங்கிலாந்தில் போர்ன்மத் அணி 2015இல் பிரீமியர் லீக்குக்கு ஏறி வந்தபோது அதன் மைதானத்தில் 11,000 சொச்சம் இருக்கைகள்தான். அந்தச் சின்ன இடத்துக்கு மான்செஸ்டர் யுனைடெட்டும் வந்துதான் ஆடிவிட்டுப் போனது.

அவ்வளவு தூரம் எதற்கு? சிலாங்கூரின் ஷா ஆலாம் அரங்கத்தைப் பாருங்கள். 1994இல் திறந்தபோது 80,000 பேர் கொள்ளும் என்று பெருமை பேசினோம். பராமரிக்க முடியாமல் 2020இல் மூடி, அப்புறம் இடித்தார்கள். அங்கே புதிதாக வரப்போவது கிட்டத்தட்ட பாதி அளவுதான்.

ஜோகூர் 40,000 பேருக்குக் கட்டி நிரப்புகிறதே என்பீர்கள். அவர்கள் 2014இல் தொடங்கி வருஷா வருஷம் லீக்கை வென்று, பழைய லார்க்கின் அரங்கத்துக்குக் கூட்டத்தைப் பழக்கிய பிறகுதான் 2020இல் புது அரங்கத்துக்குப் போனார்கள். நாம் அந்த வரிசையைத் தலைகீழாகக் கேட்கிறோம். இன்னும் சிலர் 2010ஐ இழுப்பார்கள். டிசம்பர் 26ஆம் தேதி, ராஜகோபால் பயிற்சியாளர், மலேசிய அணி இந்தோனேசியாவை 3-0 என்று அடித்த இரவு. கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கம் பிதுங்கி வழிந்தது, உண்மை. அந்த மாதிரி இரவு எப்போதாவது வரும், அதற்குப் புக்கிட் ஜாலில் இருக்கிறது. நான் கேட்பது, புதன்கிழமை ராத்திரி கெடாவோ கிளந்தானோ வந்தால் எத்தனை பேர் போவோம் என்பதுதான்.

தோட்டத் திடலில் பந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. தீபாவளி நேரத்து எழுவர் ஆட்டத்தில் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டித்தான் நிற்போம். ஓரத்தில் ஓடுகிறவன் மூச்சு வாங்குவது கேட்கும். பந்து செம்பனைக்குள் போய்விட்டால் பொடியன்கள் எடுத்துவரும் வரை ஆட்டம் நிற்கும், அதற்குள் யாராவது ஒரு தாத்தா ரெஃப்ரியைக் கூப்பிட்டு ஆஃப்சைடு பாடம் நடத்தியிருப்பார். அப்படிப் பார்த்த கண்ணுக்கு, ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம் எறும்பு சைஸில் ஓடுகிறவர்களைப் பார்க்கக் காசு கொடுப்பது கசக்கத்தான் செய்யும்.

இருக்கையைக் குறைத்தால் மட்டும் கூட்டம் வந்துவிடாது. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது மணி பதினொன்று. ஈப்போவிலிருந்து இங்கே வர அந்த நேரத்தில் பஸ் ஏது? மோட்டார் இல்லாத பிள்ளைகளும் பெண்களும் எப்படி வருவார்கள்? கட்டுகிற செலவில் ஒரு துளியை எடுத்து, சுங்கை சிப்புட், கம்பார், பத்து காஜா என்று ஊருக்கு இரண்டு பஸ் விட்டாலே பல நூறு பேர் கூடுவார்கள்.

2025-26 மலேசிய சூப்பர் லீக்கில் பேரா அணியே இல்லை. பணப் பிரச்சினையில் விலகிவிட்டது. நாளைக்கு யாராவது பணம் போட்டு அணியைத் திரும்பக் கொண்டுவந்தால், தயவுசெய்து கட்டட வரைபடத்தோடு வராதீர்கள். விளையாடுகிறவர்களுக்கு மாதச் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுங்கள், இருக்கிற அரங்கத்தில் இரண்டு பக்கத்தை மட்டும் திறந்து டிக்கெட் விற்றுப் பாருங்கள். அது மூன்று மாதம் தொடர்ந்து தீர்ந்துபோனால் மூன்றாவது பக்கத்தைத் திறப்பதைப் பற்றிப் பேசலாம்.